கடன்பட்ட கமக்காரனைத் தேடி வரும் கொடி

"முதலில் காணி கிடைக்கட்டும், கிணறு துப்புரவாகட்டும், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகட்டும். ஜனநாயகம், தீவிரவாதம் என்பவற்றைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்ற பேச்சு எமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. இப்பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரை விட்டுப் பெயர்ந்து, விதைநெல்லையும் மாட்டையும் இழந்து, பிறர் காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்த ஒருவருக்கு அரசியல் விளக்கம் பசியைத் தீர்க்காது.

ஆயினும் கடந்த நூற்றாண்டின் வரலாறு எமக்கு வேறொரு பாடத்தைத் தருகின்றது. ஜனநாயகத்தை அழிக்க எழுந்த தீவிர வலதுசாரி இயக்கங்கள் நகரத்து மண்டபங்களில் மட்டும் வளரவில்லை. காணியை ஈடு வைத்தவன், வட்டி கட்ட முடியாதவன், அடுத்த மாதம் ஏலத்துக்குப் போகும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஆகியோரின் முற்றத்துக்கு அவை நேராக வந்தன. அவனுடைய வேதனையை அவை நன்றாகப் படித்திருந்தன. அவனுக்கு ஆதரவாக நின்றிருக்க வேண்டியவர்களோ அவனைப் படிக்கவில்லை. காணி கிடைத்தபின் பார்க்கலாம் என்று நாம் ஒதுக்கி வைக்கும் விடயம், காணியின் பெயராலேயே எமது வாசலுக்கு வரக்கூடும். ஆகவேதான் இதனை இங்கு எழுத நேர்ந்தது.

ஒரு மாகாணத்தில் நடந்தது

ஜேர்மனியின் வட எல்லையில், டென்மார்க்கை ஒட்டி, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாகாணம் உண்டு. மாடும் பன்றியும் வளர்த்து, தானியம் விளைவித்து வாழ்ந்த மக்களின் நாடு அது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் 1919இல் நடந்த தேர்தலில் இம்மாகாணத்தின் சிறு கமக்காரர்களில் பெரும்பகுதியினர் தாராண்மைவாதக் கட்சிகளுக்கே வாக்களித்தனர். புதிய குடியரசை அவர்கள் வெறுக்கவில்லை.

1923இல் ஜேர்மனியின் நாணயம் முற்றாக மதிப்பிழந்தது. வங்கியில் இருந்த சேமிப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று. நாணயம் நிலைப்பட்ட பின்னர் உரம், தீவனம், கருவி ஆகியவற்றுக்காகக் கமக்காரர் மீண்டும் கடன் எடுத்தனர். இம்முறை வட்டி மிக உயர்வாக இருந்தது. 1927இல் பன்றி விலையும் மாட்டு விலையும் வீழ்ந்தன. வரியோ குறையவில்லை. ஏல அறிவித்தல்கள் ஊர்தோறும் ஒட்டப்பட்டன.

1928 சனவரி 28ஆந் திகதி மாகாணத்தின் பல பட்டினங்களில் ஒரே நாளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கமக்காரர் திரண்டனர். அவர்களுக்குப் பின்னால் எந்தக் கட்சியும் இருக்கவில்லை. கறுப்புக் கொடியில் கலப்பையும் வாளும் பொறித்த 'கிராம மக்கள் இயக்கம்' இவ்வாறுதான் தோன்றியது. வரி கட்ட மறுத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் பைடன்பிளெத் என்ற ஊரில், வரிக்காகப் பறிமுதலான எருதுகளைக் கொண்டுபோக விடாமல் மறித்தார்கள். அரசு அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவர்களுடைய கடனைப் பற்றிப் பேச எவரும் வரவில்லை. அடுத்த ஆண்டு இயக்கத்தின் ஒரு பகுதியினர் அரச அலுவலகங்களுக்குக் குண்டு வைத்தனர். தலைவர்கள் சிறை சென்றனர். இயக்கம் சிதறியது. ஆனால் அதை உருவாக்கிய கடன் அப்படியே இருந்தது.

அந்த வெற்றிடத்துக்குள்தான் ஹிட்லரின் நாஜிக் கட்சி நுழைந்தது. 1928 தேர்தலில் அக்கட்சி இம்மாகாணத்தில் பெற்றது வெறும் 4 வீதம். 1930இல் 27 வீதம். 1932 யூலையில் 51 வீதம். அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் அக்கட்சிக்குக் கிடைத்தது 37 வீதமே. நான்கே ஆண்டுகளில், ஒரு மாகாணத்தின் பாதிக்கு மேற்பட்டோர், ஜனநாயகத்தை ஒழிப்போம் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு கட்சிக்குத் தமது கையாலேயே வாக்களித்தனர்.

எப்படி நுழைந்தார்கள்?

இவர்கள் கமக்காரரை எவ்வாறு வென்றார்கள் என்பதை நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டு வெளியிட்ட அவர்களுடைய வேலைத்திட்டத்தின் 17ஆவது அம்சம், பொதுத் தேவைக்காக நட்டஈடின்றிக் காணிகளை எடுக்கும் சட்டம் வேண்டும் என்றது. கமக்காரர் வாக்குத் தேவைப்பட்டபோது, 1928 ஏப்ரலில், ஹிட்லர் அதற்குப் புதிய விளக்கம் கொடுத்தார். அது யூதர்களின் காணி வியாபாரக் கொம்பனிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றார். ஒரே வசனத்தில் இரண்டு காரியம் முடிந்தது. கமக்காரனின் பயம் நீக்கப்பட்டது. அவனுடைய கோபத்துக்கு ஓர் அயலவன் இலக்காகக் காட்டப்பட்டான்.

அந்த மாகாணத்தில் யூதர் மிகச் சிலரே வாழ்ந்தனர். பல கமக்காரர் ஒரு யூதரைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். எனினும் வட்டி, வங்கி, சந்தை, வரி என்ற முகமில்லாத சக்திகளுக்கு ஒரு முகம் கொடுக்கப்பட்டது. விலை ஏன் வீழ்ந்தது என்று விளக்குவது கடினம். "இவனால்தான்" என்று விரல் நீட்டுவது மிகச் சுலபம்.

1930இல் வால்டர் டாரே என்பவரின் பொறுப்பில் அக்கட்சி கமத்தொழிலுக்கென்று தனியான அமைப்பொன்றை உருவாக்கியது. மாவட்டந்தோறும், பின்னர் ஊர்தோறும், அந்த ஊர்க் கமக்காரர் ஒருவரே அதன் பிரதிநிதியானார். ஊரில் மதிக்கப்படுபவரைத் தேடிப் பிடித்தார்கள். எந்த ஊரில் என்ன குறை என்பது மேலே அறிவிக்கப்பட்டது. அதற்கேற்ப அடுத்த பேச்சாளர் தயாராக வந்தார். ஏற்கனவே இருந்த கமக்காரர் சங்கங்களின் நிர்வாகத் தேர்தல்களில் போட்டியிட்டு அவற்றை உள்ளிருந்தே கைப்பற்றினார்கள்.

மற்றக் கட்சிகள் தேர்தல் வந்தபோது மட்டும் கிராமத்துக்கு வந்தன. நகரத் தொழிலாளரின் கட்சிகள் மலிவான உணவைப் பற்றியே பேசுகின்றன என்ற எண்ணம் கமக்காரரிடம் வேரூன்றியிருந்தது. குடியரசு கமத்தொழிலுக்கென்று கொடுத்த பெரிய உதவித் திட்டமும் கிழக்குப் பிரதேசத்துப் பெரும் நிலச்சுவாந்தர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது.

ஆய்வாளர் கண்டவை

இக்காலத்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ருடோல்ப் ஹெபர்லே என்ற சமூகவியலாளர் பணியாற்றினார். நாஜிகளைக் கண்டித்து ஓர் அறிக்கை எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை. வாக்குக் கணக்குகளை எடுத்து, மண்ணின் தன்மை, காணியின் அளவு, கூலியாட்களின் தொகை ஆகியவற்றுடன் ஒப்பிட்டார். அவருடைய நூலை ஹிட்லரின் ஜேர்மனியில் வெளியிட முடியவில்லை. அவர் 1938இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். நூல் 1945இல் அங்கே வெளிவந்தது.

அவர் கண்டது என்ன? மாகாணத்தின் கிழக்கே பெரிய தோட்டங்களில் கூலிக்கு உழைத்த மக்களில் பலர் தொழிலாளர் கட்சிகளையே பற்றி நின்றனர். மேற்கே கடலோரச் சதுப்பு நிலத்தில் வசதியான கமக்காரர் இருந்தனர். நாஜிகளுக்கு மிகக் கூடிய வாக்கு விழுந்தது இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள மணற்பாங்கான நடுநிலத்தில்தான். அங்கே குடும்பமாக உழைக்கும் சிறு கமக்காரர் வாழ்ந்தனர். ஆகவே வறுமை மட்டும் காரணமன்று. கையிலுள்ளதை இழந்துவிடுவோம் என்ற அச்சமும், எம்மை எவரும் கணக்கெடுக்கவில்லை என்ற அவமானமும் சேர்ந்தபோதுதான் அந்தக் கட்சிக்கு வழி திறந்தது.

கொலம்பியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியடோர் ஏபெல் 1934இல் வேறொரு வழியைக் கையாண்டார். ஹிட்லரின் கட்சியில் ஏன் சேர்ந்தோம் என்று தமது வாழ்க்கைக் கதையை எழுதுமாறு சாதாரண உறுப்பினர்களைக் கேட்டு, பரிசும் அறிவித்தார். 600க்கு மேற்பட்டோர் எழுதினர். பலருடைய எழுத்தில் முதன்மையாக நின்றது யூத வெறுப்பு அன்று. 'நாம் எல்லோரும் ஒரே மக்கள்' என்ற உறவை அந்தக் கட்சியில் கண்டோம் என்றே எழுதினர். ஆனால் வெறுப்பை முதன்மையாகக் கொள்ளாதவர்களும் வெறுப்பின் ஆட்சிக்குத் தோள் கொடுத்தார்கள். அதன் முடிவில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். "நான் அதற்காகச் சேரவில்லை" என்ற சொல் இறந்தவர்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை.

மூன்றாவது ஆய்வு எம்மைப் போன்ற கிராம அபிவிருத்தி ஊழியர்களுக்குக் கசப்பானது. சங்கங்கள் பெருகினால் ஜனநாயகம் வளரும் என்பது எமது நம்பிக்கை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று பொருளியலாளர்கள் ஜேர்மனியின் நூற்றுக்கணக்கான பட்டினங்களை ஆராய்ந்தனர். பாட்டுச் சங்கம், விளையாட்டுக் கழகம், விலங்கு வளர்ப்போர் சங்கம் என்று சங்கங்கள் நிறைந்த இடங்களிலேயே நாஜிக் கட்சி வேகமாக ஆள் சேர்த்தது எனக் கண்டனர். அறிமுகமான ஒருவர் அறிமுகமான இன்னொருவரை அழைத்து வந்தார். மாகாண அரசு உறுதியாக இயங்கிய இடத்தில் மட்டும் இந்த விளைவு குறைவாக இருந்தது. கமக்காரர் கடன் கூட்டுறவை உலகுக்குக் காட்டிய ரைபைசன் பிறந்த நாடும் ஜேர்மனியே என்பதை நாம் மறக்கலாகாது. சங்கம் என்பது ஒரு வாய்க்கால். நல்ல நீரும் நஞ்சும் அதே வழியால்தான் வரும்.

எல்லைக்கு அப்பால்

இனி எல்லையைத் தாண்டி டென்மார்க்குக்குப் போவோம். அங்கும் பன்றியும் பாலும்தான் கமக்காரரின் சீவனோபாயம். பிரித்தானியா இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அங்கும் விலை வீழ்ந்தது. அங்கும் கமங்கள் ஏலத்துக்குப் போயின. நகரத்தில் வேலையில்லாதோர் பெருகினர்.

1933 சனவரி 30ஆந் திகதி பேர்லினில் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். அதே நாளில் கொப்பன்ஹேகனில், கான்ஸ்லர்காட என்ற வீதியிலிருந்த பிரதமர் ஸ்டவுனிங்கின் வீட்டில், வேறொரு காரியம் நடந்தது. தொழிலாளரின் சமூக ஜனநாயகக் கட்சியும், அதன் கூட்டாளியான தீவிர தாராண்மைவாதிகளும், எதிர்க்கட்சியாக இருந்த கமக்காரரின் கட்சியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கமக்காரரின் ஏற்றுமதிக்கு உதவ நாணய மதிப்புக் குறைக்கப்பட்டது. கமக்காரருக்கு வரிச் சலுகை கிடைத்தது. தொழிலாளருக்குக் கூலி வெட்டு தடுக்கப்பட்டது. வறியோருக்கும் முதியோருக்கும் நோயாளருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. ஒருவருக்கும் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கொண்டு வீடு திரும்பினர்.

துன்பம் உடனே தீரவில்லை. 1935 யூலையில் ஏறத்தாழ 40,000 டென்மார்க் கமக்காரர் தலைநகருக்குச் சென்று மன்னரிடம் முறையிட்டனர். ஆயினும் பாராளுமன்ற ஆட்சி நிலைத்தது. அந்நாட்டு நாஜிக் கட்சி 1939 தேர்தலில் பெற்றது 1.8 வீத வாக்கும் 3 ஆசனங்களும் மட்டுமே. 1933இல் சுவீடனிலும் கமக்காரர் கட்சியும் தொழிலாளர் கட்சியும் இதே போன்ற உடன்பாடு செய்தன. 'மாட்டு வியாபாரம்' என்று அதனைக் கேலி செய்தார்கள். அந்த வியாபாரம் ஒரு நாட்டின் ஜனநாயகத்தைக் காத்தது.

டென்மார்க் போரில் தோற்ற நாடன்று, அதன் பணம் ஜேர்மனியைப் போல் அழியவுமில்லை என்று எவரும் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் எல்லையின் இரு புறத்திலும் கமக்காரன் பட்ட துன்பத்தில் அதிக வேறுபாடில்லை. அத்துன்பத்துக்கு யார், எவ்வாறு பதில் சொன்னார்கள் என்பதிலேயே பெரிய வேறுபாடு இருந்தது.

பின்லாந்து மற்றொரு படிப்பினையைத் தருகின்றது. 1929இல் லாப்புவா என்ற கிராமப் பிரதேசத்தில் தோன்றிய தீவிர வலதுசாரி இயக்கத்துக்குக் கமக்காரரே பலம். எதிரிகளை இரவில் கடத்திச் சென்று அடிப்பது அவர்கள் வழக்கம். 1930இல் முன்னாள் ஜனாதிபதி ஸ்டோல்பெர்க்கையும் அவர் மனைவியையும்கூடக் கடத்தினர். பழமைவாதத் தலைவர்கள் தொடக்கத்தில் இதைப் பார்த்தும் பாராதிருந்தனர். 1932இல் மாந்த்சாலாவில் ஆயுதத்துடன் திரண்டபோது, அவர்களுடைய ஆதரவோடு பதவிக்கு வந்த ஜனாதிபதி ஸ்வின்ஹுவுட் வானொலியில் பேசினார். வீடு திரும்பும் சாதாரண மனிதருக்குத் தண்டனை இல்லை, தலைவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார். பெரும்பாலானோர் திரும்பிச் சென்றனர். இயக்கம் தடை செய்யப்பட்டது. ஆனால் தடையோடு நில்லாமல், 1937இல் அங்கும் கமக்காரர் கட்சியும் தொழிலாளர் கட்சியும் சேர்ந்து அரசு அமைத்தன.

ஜேர்மனியில் இதற்கு மாறாக நடந்தது. ஹிட்லரை உள்ளே எடுத்துக் கட்டுப்படுத்தலாம் என்று பழமைவாதத் தலைவர்கள் எண்ணினர். 1933 மார்ச் 23இல் சட்டமியற்றும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைக்கும் சட்டம் 444க்கு 94 என்ற வாக்குகளால் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள் அவைக்கு வரவிடப்படவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள் மட்டுமே. கத்தோலிக்கரின் மத்திய கட்சியும் ஆதரித்தே வாக்களித்தது. கத்தோலிக்கப் பிரதேசங்களில் நாஜிகளுக்கு வாக்குக் குறைவாகவே விழுந்திருந்தது. மக்கள் காத்த வேலியைத் தலைவர்கள் திறந்துவிட்டனர். இதனைச் சொல்லாமல் விடுவது எமக்கு அழகன்று.

வாக்களித்த கமக்காரருக்குக் கிடைத்தது என்ன? 1933 செப்டெம்பரில் வந்த சட்டத்தின்படி அவர்களுடைய பரம்பரைக் கமத்தை விற்கவோ ஈடு வைக்கவோ பிரிக்கவோ முடியாது போயிற்று. ஏலத்திலிருந்து காணி தப்பியது உண்மை. ஆனால் 1800ஆம் ஆண்டு வரை பின்னோக்கித் தமது 'இரத்தத் தூய்மை'யை நிரூபிக்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளின் உரிமை பின்தள்ளப்பட்டது. எல்லாச் சங்கங்களும் ஒரே அரச அமைப்புக்குள் அடக்கப்பட்டன. விலையை அரசே நிர்ணயித்தது. முறையிட இடமில்லை. பின்னர் அவர்களுடைய பிள்ளைகள் போருக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இன்றும் உள்ள கேள்வி

இது பழங்கதையன்று. 2024 சனவரியில் ஜேர்மனியக் கமக்காரர் எரிபொருள் வரிச் சலுகை நீக்கப்படுவதை எதிர்த்து உழவு இயந்திரங்களோடு வீதிக்கு வந்தபோது, சில இடங்களில் அந்தப் பழைய கறுப்புக் கொடி மீண்டும் காணப்பட்டது. கமக்காரரின் கோரிக்கை அதனால் பிழையாகிவிடாது. அவர்களுடைய தேசிய சங்கத்தின் தலைமை, தீவிர வலதுசாரிகளுக்கு எமது போராட்டத்தில் இடமில்லை என்று பகிரங்கமாகக் கூறியது. கோரிக்கையைக் கைவிடாமல் கொடியை மட்டும் மறுத்தது. இதுவே வேண்டிய விவேகம். அந்நாட்டில் 1990களிலிருந்து 'நடமாடும் ஆலோசனைக் குழுக்கள்' கிராமங்களுக்குச் செல்கின்றன. யார் புதிதாகக் காணி வாங்குகிறார்கள், கழகங்களில் என்ன பேசப்படுகின்றது என்று ஊர் மக்களோடு சேர்ந்து அறிந்து, என்ன செய்யலாம் என்று கலந்தாலோசிக்கின்றன.

எமது நாட்டில் 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அந்த வாக்குரிமை இருந்த நாட்டிலேயே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. கையுயர்த்தி எடுத்த முடிவு என்பதால் அது நீதியாகிவிடவில்லை. எனவே வாக்குப் பெட்டி மட்டும் ஜனநாயகமன்று. எண்ணிக்கையில் குறைந்தவனின் உரிமையும் சேர்ந்ததே ஜனநாயகம் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அனுபவித்தவர்கள் நீங்கள்.

எமது சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கேட்டறிதல். ஊருக்கு ஒரு புதிய இயக்கம் வரும்போது அதன் தலைவரைத் திட்டுவதற்கு முன், எமது ஆட்கள் ஏன் அதன் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். என்ன வாக்குறுதி தரப்படுகின்றது, நேற்று என்ன சொன்னார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, யாரைக் குற்றவாளியாகக் காட்டுகிறார்கள் என்பவற்றைக் குறிப்பெடுக்க வேண்டும். கொப்பியும் பேனையும் இருந்தால் இந்த ஆய்வைச் செய்யலாம். பட்டம் தேவையில்லை.

இரண்டாவது, உண்மையான குறைக்கு உண்மையான பதில். கடனைப் பற்றிப் பேசுபவனுக்குக் கடனைப் பற்றியே பதில் சொல்ல வேண்டும். காணி உறுதி, வட்டி, சந்தை விலை ஆகியவற்றில் நாம் மெளனமாக இருந்தால், அங்கே வேறொருவர் பேசுவார்.

மூன்றாவது, சங்கத்தின் வாசலைத் திறந்து வைத்தல். ஒரே ஊரார், ஒரே சாதியார், ஒரே மதத்தார் மட்டும் கூடும் சங்கம் சுலபமாகக் கைப்பற்றப்படும். பெயர்ந்து வந்தவரும் ஏற்கனவே இருந்தவரும், கமக்காரரும் கூலியாட்களும், பெண்களும் ஒரே பாயில் இருந்து கணக்குப் பார்க்கும் சங்கத்தில் "இவனால்தான்" என்று விரல் நீட்டுவது கடினம். ஏனெனில் அந்த 'இவன்' பக்கத்திலேயே இருப்பான்.

நான்காவது, தலைவர்களிடம் கணக்குக் கேட்டல். "அவர்களை நாம் பாவித்துக் கொள்வோம்" என்று வெறுப்பாளரோடு கைகோக்கும் எந்தத் தலைவரையும், அவர் எமது இனத்தவராயினும் எமது சபையைச் சேர்ந்தவராயினும், கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. 1933இல் அப்படி எண்ணியவர்கள் சில மாதங்களுக்குள் தமது கட்சியையே இழந்தனர்.

காணியை இழந்தவருக்குத்தான் ஜனநாயகம் மிகவும் தேவை. பணமுள்ளவன் எந்த ஆட்சியிலும் ஒரு வழியைக் கண்டுகொள்வான். முறையிட ஒரு வாய், மறுக்க ஒரு வாக்கு, கூட ஒரு சங்கம் என்ற மூன்றையும் விட்டால் ஏழைக் கமக்காரனிடம் வேறு ஆயுதமில்லை. காணியைத் தருகிறேன், இந்த மூன்றையும் என்னிடம் தா என்று ஒருவன் கேட்டு வருவானாயின், அவன் தரும் காணியை நாளைக்கு அவனிடமிருந்தே காப்பதற்கு எம்மிடம் என்ன மிஞ்சும் என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவோம்.